அறுந்த பாவுக்கு வந்த தீர்ப்பு

எங்கள் தெருவைத் தீவு என்று ஒரு வக்கீலம்மா சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தீவை நான் பார்த்ததில்லை. கடலையே, மெட்ராஸுக்கு வியாபாரமாகப் போன இடத்தில், ஒரு சாயங்காலம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்ததோடு சரி. ஆரணியில் கடல் ஏது? ஆறு ஒன்று இருக்கிறது. அதிலும் தண்ணீர் வந்தால்தான் அது ஆறு.

"தண்ணியச் சொல்லலைங்க" என்றார் அந்தம்மா. "உங்க தெருவுல யாரு யாருக்குச் சொந்தம் இல்ல, சொல்லுங்க பாக்கலாம்."

யோசித்துப் பார்த்தேன். எதிர்வீடு சம்பந்தி வழி. பக்கத்து வீடு தங்கை கொழுந்தன். என் கடையில் புடவை மடிக்கிறவன் எனக்கு ஒரு வகையில் மருமகன், இன்னொரு வகையில் தம்பி. தெருவில் திரிகிற நாய்கூட மூன்று வீட்டில் சோறு தின்கிறது. யார் வீட்டு நாய் என்று கேட்டால் மூன்று வீட்டுக்காரர்களும் சண்டைக்கு வருவார்கள்.

"இது மாதிரி எடத்துலேர்ந்து ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு நீதிபதி வரணும்னா, மொதல்ல சொந்தக்காரங்க மூஞ்சியப் பாத்து 'இல்ல'ன்னு சொல்லக் கத்துக்கணும். அதுதாங்க கஷ்டம். சட்டம் படிக்கறது இல்ல."

என் கடை மாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வந்தபோது அவர் சொன்னது இது. ஆரணி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், அரசு வக்கீல், நீதிபதி ஆகிற பரீட்சைகளுக்குப் படிக்கிற பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து, காசு வாங்காமல் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை. "எங்கெங்கேர்ந்தோ இந்த ஊருக்கு நீதிபதிங்க வராங்க, இன்ஸ்பெக்டருங்க வராங்க. இங்கேர்ந்து நாம யாரையாவது அனுப்பினோமா? புடவைதான் அனுப்பிகினு இருக்கோம்" என்றார். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. உடனே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், அடக்கம் எனக்கு வராது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அடுத்தவர் வீட்டில் நூல் சுற்றி, அடுத்தவர் தறியில் நெய்து, சொந்தத் தறி போட்டு, அதை நாலாக்கி, பிறகு கடை வைத்தவன். இன்றைக்கு இந்தப் பக்கம் ஒரு நல்ல முகூர்த்தத்தில் என் கடைப் பட்டு இல்லாமல் இருக்காது. மிகை என்று நினைப்பவர்கள் வந்து விசாரித்துக்கொள்ளலாம். தறிகளை எல்லாம் சேவூரில் புதுக் கொட்டகைக்கு மாற்றியதும் மாடி காலியாகக் கிடந்தது. இரண்டு ஃபேன் மாட்டி, பெஞ்சு போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்துக் கொடுத்தேன். யார் செய்வார்கள்? இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: எழுத்துப் பிழையை என் மருமகள் திருத்திவிட்டாள். பெருமையைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரிதான் வாயை மூடவில்லை. "மூணாங்கிளாஸைத் தாண்டலை, மாடியில காலேஜ் நடத்தறாரு" என்று தெருக்குழாயடி வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள். சேவூரிலிருந்து ஒரு நெசவாளர் மகன், சப்-இன்ஸ்பெக்டர் ஆகியே தீருவேன் என்று. அவன் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டே வருவான், வேர்வையோடு பெஞ்சில் உட்காருவான், என் வீட்டுக்காரி திட்டுவாள். அரசு வக்கீலாக வேண்டும் என்று இரண்டு பெண்கள். இன்னும் பலர். நானும் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். என் மாடி, என் ஃபேன், நான் ஏன் உட்காரக் கூடாது?

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், சந்தவாசலுக்கு உள்ளே ஒரு ஊரிலிருந்து வருவாள். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்கு வயல் வேலை. இவள் சட்டம் படித்து முடித்தவள். அவ்வளவு தூரத்திலிருந்து பஸ் பிடித்து, டிபன் பாக்ஸில் சோறு கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் வந்து படிக்கட்டில் காத்திருப்பாள். நீதிபதி பரீட்சையை ஏற்கெனவே எழுதி, எழுத்தில் தேறி, கடைசியில் நேரில் கேள்வி கேட்கிற இடத்தில் போய்த் தோற்றுப்போனவள். இந்தத் தடவையும் எழுத்தில் தேறியிருந்தாள். நேர்முகம்தான் பாக்கி. வயது வரம்பு முடியப் போகிறது, இதுதான் கடைசி.

"இந்தவாட்டியும் இல்லைன்னா செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போயிடறேன்னு வூட்ல சொல்லிட்டேங்க" என்று ஒரு நாள் என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். அழவில்லையாம். சோற்றைத் தின்றுகொண்டே சொன்னாளாம். என் வீட்டுக்காரி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அவளுக்கு என்ன குறை என்று வக்கீலம்மா என்னிடம் ரகசியமாகச் சொன்னார். "சட்டம் எங்களை விட நல்லாத் தெரியும். ஆனா வயசானவங்க யாராவது எதுத்தாப்ல உக்காந்து எதையாவது சொன்னா, 'சரிங்க'ன்னுடறா. அங்க கேள்வி கேக்கறவங்க வேணும்னே தப்பாச் சொல்லி இஸ்துப் பாப்பாங்க. இவ அதுக்கும் சரிங்க."

"அவ்ளோதானே? நான் பழக்கறேன்" என்றேன்.

"நீங்க பழக்க வேணாம். சும்மா உக்காந்து தப்புத் தப்பாப் பேசுங்க, போதும். உங்களுக்கு அது நல்லா வரும்."

அது மட்டும் காதில் விழுந்து பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அப்படித்தான் என்னை நடுவில் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என் மீசைக்கும் தொப்பைக்கும் அந்த நாற்காலி பொருத்தமாகத்தான் இருந்தது. நேர்முகம் நடத்துகிற பெரிய அதிகாரி நான். சில வாரம் நீதிபதியும் நான்தான், பிள்ளைகள் வழக்காடுவார்கள்.

ஒரு நாள் அவளைக் கேட்டேன். "ஏம்மா, கொலை பண்ணினவன் நல்ல குடும்பத்துப் பையன்னு வெச்சுக்க. பாவம், பெரிய எடம். விட்டுடலாம் இல்ல?"

"சரிங்..." என்று வாய் போய்விட்டது. "இல்ல... வந்துங்க..."

பெஞ்சே அதிர்ந்தது சிரிப்பில். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்க ஊர்ல நெலத்துக்காரங்க எது சொன்னாலும் எங்கப்பா சரிங்கன்னுதாங்க சொல்வாரு. தப்புன்னு தெரிஞ்சாலும் சரிங்க. கேட்டுக் கேட்டு எனக்கும் அது வாயில தானா வந்துடுதுங்க."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. சேவூர்ப் பையன் எழுந்துபோய்க் குடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நேர்முகம் நெருங்கிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் பாவு அறுந்தது.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டு நூல்களுக்குப் பாவு என்று பேர். ஆயிரக்கணக்கான இழை. கஞ்சி போட்டு, காயவைத்து, ஒவ்வொன்றாகப் பிணைத்து, தறியில் ஏற்றுவதற்குள் முதுகு விட்டுப்போகும். அதில் ஒரு கை அகலத்துக்கு ஒரு விடியற்காலையில் அறுந்து தொங்கிற்று. எனக்கு நெய்துகொடுக்கிற ஒரு நெசவாளர் வீட்டில். பட்டு என்னுடையது, தறியும் கூலியும் அவருடையது.

அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. கரண்டு இல்லை. டார்ச் அடித்துக்கொண்டு முதலில் உள்ளே போனவன் நான். எங்கள் தெருவுக்கு ஒரு சட்டம் உண்டு. யார் எழுதியது என்று தெரியாது, ஆனால் யாரும் மீறியதில்லை: அறுத்தவன் யாரென்று அப்புறம் பார், அறுந்ததை முதலில் கட்டு. யார் வீட்டுப் பாவு அறுந்தாலும், அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட, காப்பி குடிக்காமல் வந்து உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக் கொடுப்பார்கள். கூலி கிடையாது. இப்படி ஒரு தெரு வேறு எந்த ஊரில் இருக்கிறது, சொல்லுங்கள்.

"இன்னா பாத்துகினு நிக்கறீங்க? ஜல்தியா உக்காருங்க, கட்டுங்க!" என்று சத்தம் போட்டவன் நான்தான். முதலில் உட்கார்ந்ததும் நான்தான். வியாபாரம் வந்து எத்தனை வருஷம் ஆனாலும் என் விரல் மறக்கவில்லை. பக்கத்தில் இருந்த இளவட்டங்கள் ஒரு முடிச்சுப் போடுவதற்குள் என் முடிச்சு முடிந்து அடுத்த இழைக்குப் போயிருந்தது. வெயில் ஏறுவதற்குள் பாவு பழையபடி நின்றது.

யார் அறுத்தது என்பதில் தெருவுக்குச் சந்தேகமே இல்லை. நெசவாளரின் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, அதே வீட்டில்தான் இருந்தான். நெசவை விட்டுவிட்டு, வண்டியில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிற வேலைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறான். "ஊர் ஊராப் பொட்டலம் தூக்கற பொழப்பு" என்று அவர் ஏசியிருக்கிறார். முந்தின நாள் சாயங்காலம் நடுத்தெருவில் நின்று அவன் கத்தினான்: "உன் தறிய அறுத்துட்டுத்தான்யா இந்த வூட்டை வுட்டுப் போவேன்!" தெருவே கேட்டது. மறுநாள் விடிந்தால் பாவு அறுந்து கிடக்கிறது. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

போலீஸுக்குப் போக வேண்டாம், வீட்டு விஷயம், பெரியவர் நீங்களே முடித்துவையுங்கள் என்று என்னிடம் வந்தார்கள். எங்கள் தெருவில் எதுவும் என் வாசலைத் தாண்டி வெளியே போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், நிஜத் தீர்ப்பு எப்படிச் சொல்வது என்று ஒரு தடவை பார்க்கட்டுமே!

வக்கீலம்மா ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் தடுக்கவில்லை. "பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க" என்று பிள்ளைகளிடம் மட்டும் சொன்னார்.

பெரிய நாற்காலியில் நான். ஒரு பக்கம் நெசவாளரும் அவர் மனைவியும். எதிர்ப்பக்கம் மச்சான், கையைக் கட்டிக்கொண்டு. பின்னால் தெருவில் பாதி.

"அத்தினி பேர் முன்னால சொன்னான் மொதலாளி" என்றார் நெசவாளர். "நீங்களும் கேட்டுகினுதானே இருந்தீங்க?"

"வாய்ல சொன்னேன். கையால செய்யலை" என்றான் மச்சான்.

"வாய்ல சொன்னவன் கையால செய்ய மாட்டியா?" என்று நான் கேட்டதும் கூட்டம் சிரித்தது. எனக்கு அப்படித்தான், கேள்வி தானாக வந்து விழும்.

"எங்கக்கா மேல ஆணையா..."

"அக்காவை இஸ்காத. அவ ஏற்கெனவே அழுதுகினு கீறா."

சேவூர்ப் பையன் எழுந்தான். போலீஸ் மிடுக்கு அப்போதே வந்துவிட்டது அவனுக்கு. "டேய், ஒழுங்கா உண்மையச் சொல்லு."

"ஏன் 'டா'?" என்றார் வக்கீலம்மா. "குத்தம் ருசுவாயிடுச்சா?"

அவன் உட்கார்ந்துவிட்டான். நான் தொண்டையைச் செருமினேன். தீர்ப்பு தயாராக இருந்தது: மச்சான் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், நாங்கள் கூப்பிடுகிற வரைக்கும் தெருவில் கால் வைக்கக் கூடாது. அக்கா வீட்டுக்கும் வரக் கூடாது. சொல்ல வாயெடுத்தபோது, பெஞ்சின் கோடியில் சந்தவாசல் பெண் எழுந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்மா" என்றேன், பெரிய மனசோடு.

அவள் நெசவாளரைப் பார்த்தாள். "அறுந்த நுனியெல்லாம் எங்கங்க?"

"எந்த நுனி?"

"பாவு அறுந்து தொங்கிச்சுன்னு சொன்னீங்களேங்க. அந்த நுனிங்க."

"அதான் கட்டிட்டமே."

"கட்டறதுக்கு முன்னாடி?"

"நுனியை பிளேடால கத்திரிச்சுட்டுத்தான் கட்டுவோம். பிசிறு இருந்தா முடிச்சு நிக்காது. இது தெரியாதா உனக்கு?"

"தெரியாதுங்க. நாங்க நெய்யறவங்க இல்லைங்க." அவள் நிறுத்தவில்லை. "கத்திரிக்கறதுக்கு முன்னாடி, அது கத்தியால அறுத்த மாதிரி இருந்துச்சா, எலி கடிச்ச மாதிரி இருந்துச்சான்னு யார் பாத்தாங்க?"

நெசவாளர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார்.

எலி. அரிசி மில் நிறைந்த ஊர் எங்களுடையது, எலிக்குப் பஞ்சமா? பாவுக்குப் போடுவதும் அரிசிக் கஞ்சி. கஞ்சி வாசனைக்கு எலி பாவைக் கடிப்பது எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். எங்கள் ஒருவருக்கும் அது அன்றைக்குத் தோன்றவில்லை. முந்தின நாள் சாயங்காலம் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு மறுநாள் கண்ணால் பார்த்திருக்கிறோம். எல்லாரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். டார்ச் என் கையில் அல்லவா இருந்தது!

"வேஸ்ட் பையில இருக்கும்" என்றாள் நெசவாளரின் மனைவி திடீரென்று. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை. பட்டு நூல் துண்டை யாரும் எறிவதில்லை, தறிக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கும், அதில் சேரும். ஓடிப் போய்க் கொண்டுவந்தாள். வெள்ளை வேட்டி விரித்துக் கொட்டினோம். சிவப்பு, பச்சை, அரக்கு என்று எத்தனையோ நாள் துண்டுகள், ஒரு கைப்பிடி மேகம் மாதிரி. நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சிலது நறுக்கென்று இருந்தது, அது நாங்கள் போட்ட பிளேடாகவும் இருக்கலாம். சிலது பிய்ந்திருந்தது, அது பையில் கசங்கியதாகவும் இருக்கலாம்.

தோற்பது எனக்குப் பழக்கமில்லை. நாற்காலிக்குத் திரும்பி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"சரி, நுனி கெடக்கட்டும். அறுப்பேன்னு சொன்னான், அறுந்து கெடக்குது. நாப்பது வருஷமா இந்தத் தெருவைப் பாத்துகினு இருக்கறவன் சொல்றேன், இவன்தான்." பழக்க தோஷத்தில் அவளைப் பார்த்தே கேட்டேன்: "இன்னாம்மா, சரிதானே?"

அவள் உதடு 'ச' என்று கூடியதை நான் பார்த்தேன். வக்கீலம்மாவும் பார்த்தார், முந்தானை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க" என்றாள்.

"இன்னா இல்லைங்க?"

"நீங்க தீர்ப்பு சொல்ல முடியாதுங்க. அறுந்தது உங்க பட்டுங்க. மொதல்ல உள்ள போனது நீங்க. கட்டச் சொன்னதும் நீங்கதாங்க. நீங்க இதுல சாட்சிங்க." ஒரு மூச்சு இழுத்தாள். "அந்த நாற்காலியில நீங்க உக்காரக் கூடாதுங்க."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் என்னை இறக்கினாள். மரியாதையில் ஒரு குண்டுமணி குறையவில்லை. படிக்கட்டிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. டீ கொண்டுவந்த என் வீட்டுக்காரி. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் சொல்ல முடியாததை இந்தப் பொண்ணு சொல்லிடுச்சு!" என்றாள், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

அடுத்து நான் செய்ததை ஆரணியில் வேறு எவனும் செய்திருக்க மாட்டான். அதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். "எங்கம்மா நிக்கணும்?" என்று கேட்டேன்.

"அங்கங்க." ஜன்னல் ஓரத்தைக் காட்டினாள். பிறகு, "தண்ணி வேணுங்களா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய் நின்றேன். அவள் கேட்டாள், நான் சொன்னேன். டார்ச் யார் பிடித்தது? நான். இழையின் நுனியைப் பார்த்தீர்களா? இழையைப் பார்த்தேன். நுனியை? வியாபாரத்தில் "தெரியலை" என்று ஒரு தடவை சொன்னால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும்; என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை வைத்துக்கொள்ளாமலே நான் மேலே வந்தவன். அன்றைக்கு அதைச் சொன்னேன். "தெரியலைம்மா. நுனியை நான் பாக்கலை."

நாற்காலி காலியாகவே இருந்தது. யாரும் போய் உட்காரவில்லை.

"அப்போ இன்னா தீர்ப்பு?" என்று கேட்டார் வக்கீலம்மா, அவளைப் பார்த்து.

"தெரியலைன்னுதாங்க சொல்லணும். தெரியாத விஷயத்துக்காக ஒருத்தரை வூட்டை வுட்டு அனுப்ப முடியாதுங்க."

நெசவாளருக்கு வந்ததே கோபம்! "அப்போ என் பாவு தானா அறுந்துகிச்சா? நல்லாக்கீதே நாயம்!"

"தானா அறுந்துச்சுன்னு சொல்லலைங்க. யார் அறுத்தாங்கன்னு கண்டுபிடிக்கறதுக்கு ஒரு வழி இருந்துச்சு. அதையும் சேத்து நாமளே கட்டிட்டோங்க."

'நீங்களே' என்று அவள் சொல்லவில்லை, 'நாமளே' என்றாள். எங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமில்லாதவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் கூட்டத்தைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பியது என்று நினைக்கிறேன்.

எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று கதை அளக்க மாட்டேன். மாமனும் மச்சானும் ரொம்ப நாள் பேசிக்கொள்ளவில்லை. மச்சான் பார்சல் வேலைக்குப் போய்விட்டான், ஆனால் அக்கா வீட்டில்தான் சாப்பிடுகிறான், அக்கா வீட்டில்தான் தூங்குகிறான். அவன்தான் அறுத்தான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாரம் தெருவில் நிறைய பேர் எலிப்பொறி வாங்கினார்கள். நானும் ஒன்று வாங்கினேன், அதை மட்டும் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் வைத்தேன். இப்போதெல்லாம் தெருவில் பாவு அறுந்தால், உட்காருவதற்கு முன்னால் யாராவது ஒருவர் "இருங்க, இருங்க" என்று செல்போனில் நுனியைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகுதான் முடிச்சு.

அவள் நேர்முகத்துக்குச் சென்னைக்குப் போய்விட்டு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மாடியில் எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டோம். அங்கே நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், என்னை மாதிரியே மீசையாம், கேட்டாராம்: ஊர்ப் பெரியவர்களே பேசித் தீர்த்துவிட்டால் கோர்ட்டுக்குச் சுமை குறையும், சரிதானே?

"நீ இன்னா சொன்ன?" என்றான் சேவூர்ப் பையன்.

"எல்லாச் சமயத்துலயும் இல்லைங்கன்னேன். ஏன்னு கேட்டாரு. ஒரு ஊர்ல ஒரு பாவு அறுந்துச்சுங்கன்னு ஆரம்பிச்சேன்."

"என் பேரைச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க."

"சொல்லியிருக்கலாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

முடிவு வந்த அன்று அவள் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். தேறிவிட்டாள். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று நின்றார். கையைப் பிடித்து இழுத்து வந்து மெத்தையில் உட்கார வைத்தேன். "உங்க பொண்ணு என்னையே நாற்காலியில இருந்து எறக்கிட்டா, தெரியுமா?" என்று ஆசையாகத்தான் சொன்னேன். மனிதர் பதறிப் போய் எழுந்து கையைக் கூப்பிவிட்டார். "சின்னப் பொண்ணுங்க, தெரியாம பேசிட்டிருக்கும், மன்னிச்சுக்கங்க."

"அப்பா" என்றாள் அவள். அவ்வளவுதான்.

"நீங்க எதுக்குக் கும்பிடறீங்க? நான்தான் கும்பிடணும்" என்று நான் கும்பிட்டேன். அவர் திகைத்துப் போய் "சரிங்க" என்றார். அந்த ஒரு 'சரிங்க'வுக்கு மட்டும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அதற்குப் பிறகு சேவூர்ப் பையனும் சப்-இன்ஸ்பெக்டராகி எங்கோ தெற்கே இருக்கிறான். போன் செய்தால் 'டா' போடாமல்தான் விசாரிக்கிறேன் என்று வக்கீலம்மாவிடம் சத்தியம் செய்கிறானாம். மாடியில் இப்போது புதுப் பிள்ளைகள். பெரிய நாற்காலி அங்கேதான் இருக்கிறது. உட்காருவதற்கு முன்னால், இன்றைக்கு வழக்கில் என் சொந்தக்காரன் எவனாவது இருக்கிறானா என்று கேட்டுக்கொண்டுதான் உட்காருகிறேன். பாதி நாள் நின்றுகொண்டிருக்க வேண்டியதாகிவிடுகிறது.

போன மாதம் வியாபார விஷயமாக ஒரு ஊருக்குப் போயிருந்தேன். அந்த ஊர்க் கோர்ட்டில்தான் அவள் நீதிபதியாக இருக்கிறாள். ஒரு நல்ல பட்டுப் புடவையை, அரக்கு உடலில் பச்சைக் கரை, நானே தேர்ந்தெடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நேரே கோர்ட்டுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். உயரத்தில் அவள். கறுப்பு அங்கி. கீழே கூண்டில் ஒரு வயசான அம்மா சாட்சி சொல்ல முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கம்மா. அது தப்பில்லைங்க" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம், "இந்தப் பொண்ணு என் மாடியில..." என்று ஆரம்பித்துவிட்டேன். என் குரல் சின்னக் குரல் இல்லை. டவாலி ஓடி வந்து, "பெரியவரே, பேசக் கூடாது" என்றான். அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். சிரிக்கவில்லை, தலையை ஆட்டவில்லை. "அமைதியா இருங்க" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கூண்டில் இருந்த அம்மாவிடம் திரும்பிக்கொண்டாள்.

பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சத்தம் போடாமல் எழுந்து வெளியே வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரி பையைப் பார்த்தாள். "இன்னா, குடுக்கலியா? பொண்ணு பாக்கலையா?"

"பாத்தா."

"அப்புறம்?"

"தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கலை."

"அதுக்கா இப்படிப் பல்லைக் காட்டிகினு வரீங்க?"

"அதுக்குத்தான்" என்றேன்.

அவள் பையைப் பிரித்தாள். புடவையை ஒரு சுற்று விரித்து, கரையைத் தடவி, தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். பட்டுக் கடைக்காரன் பெண்டாட்டி என்றுதான் பேர். அவளாக ஒரு புடவையை எடுத்துத் தோளில் போட்டு நான் பார்த்ததில்லை.

"அப்போ இது எனக்குத்தான். யாருக்கும் மடிச்சுக் குடுக்கக் கூடாது. இன்னா, சரிதானே?" என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடி.

"சரிங்க" என்றேன்.